பாம்பன் கடலுக்குப் போகும் அல்வால் நண்பர்களுக்கு



போன ஞாயிற்றுக்கிழமை காலை நடையை முடித்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது நீங்கள் சொன்ன திட்டத்தைக் கேட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் நான் எழுந்து வந்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமில்லை. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கும்படி எழுதக் காரணம், சங்கராந்தி விடுமுறைக்கு இதே மாதிரித் திட்டத்தை ஹைதராபாத்தில் நம் அல்வாலில் மட்டுமல்ல, லோத்குண்டாவிலும் திருமலகிரியிலும் பொல்லாரத்திலும் இன்னும் பல வீடுகளில் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கண்ணிலும் படட்டும்.

உங்கள் திட்டம் இதுதானே: பன்னிரண்டு பேர், அதில் இரண்டு பேர் குழந்தைகள். தூத்துக்குடியில் இரண்டு வேகப்படகுகளை வாடகைக்குப் பிடிப்பது. கரையோரமாகவே மூன்று நாள் ஓட்டிக்கொண்டு ராமேஸ்வரம் சேர்வது. வழியில் ஏதாவதொரு தீவில் கூடாரம் அடித்து ஒரு ராத்திரி. ஸ்பீக்கர், அடுப்பு, அங்கேயே பிடித்துப் பொரித்த மீன். “படகுக்காரனுக்கு நாலு காசு கூடக் கொடுத்தால் நாம் சொல்கிற இடத்துக்குப் போவான்” என்று தம்பி ஒருவர் சொன்னார். அந்த வார்த்தையில்தான் நான் எழுந்தேன்.

ஆசையில் தப்பே இல்லை. அல்வாலிலிருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் கடல். நம் பிள்ளைகள் அல்வாலின் ஏரிகளையும் ஹுசைன் சாகரையும் பார்த்து வளர்ந்தவர்கள். உப்புக்காற்று முகத்தில் அடிக்கிறபோது வரும் சந்தோஷம் என்னவென்று எனக்குத் தெரியும். என் அம்மா ஊர் பாம்பன். பள்ளி விடுமுறை முழுக்க மாமாவின் வத்தையில், அதாவது சின்ன நாட்டுப்படகில், கிடந்தவன் நான். ரயில்வே வேலைக்கு செகந்திராபாத் வந்து முப்பது வருஷம் ஓடிவிட்டது, இன்னும் ராத்திரி தூக்கத்தில் பாம்பன் பாலத்தடியில் தண்ணீர் இழுக்கிற சத்தம் கேட்கும். அதனால் ‘போகாதீர்கள்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. போவோம். நானும் வருகிறேன். ஆனால் இந்தத் திட்டத்தோடு அல்ல.

2019 செப்டம்பர் 15-ஐ நினைத்துப் பாருங்கள். அன்றும் ஞாயிற்றுக்கிழமை. பாப்பிகொண்டலு மலைகளைப் பார்க்க தேவிபட்டினம் பக்கத்திலிருந்து கோதாவரியில் கிளம்பிய இரண்டு தட்டுப் படகு, கச்சுலூரு வளைவில் கவிழ்ந்தது. படகில் 77 பேர். ஆற்றில் அன்று வெள்ளம். ஹைதராபாத்காரர்கள் இருந்தார்கள், விசாகப்பட்டினத்துக் குடும்பங்கள் இருந்தன, வாரங்கல் பக்கம் கடிபிகொண்டாவிலிருந்து ஒன்றாகக் கிளம்பி வந்த சிநேகிதர்கள் இருந்தார்கள். நம்மைப் போலவே பல நாள் பேசிப் பேசித் திட்டம் போட்டு, காசு சேர்த்து, விடுமுறை வாங்கி வந்தவர்கள். லைஃப் ஜாக்கெட் கொடுத்திருந்தார்கள்; வெக்கைக்குப் பலர் கழற்றி வைத்துவிட்டார்கள் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். கீழ்த்தட்டில் இருந்தவர்களுக்கு வெளியே வரவே வழியில்லை. பிழைத்தவர்கள் 26 பேர். அவர்களை இழுத்துக் கரை சேர்த்தது கரையோரத்து ஊர்க்காரர்கள், கையில் இருந்த சின்னப் படகுகளை எடுத்துக்கொண்டு வெள்ளத்துக்குள் போனவர்கள். மூழ்கிய படகை அக்டோபர் 22-ஆம் தேதி வெளியே எடுத்ததும் காக்கிநாடாவின் தர்மாடி சத்யம் குழு. கயிறும் நங்கூரமும் வைத்துக்கொண்டு, தண்ணீரின் குணம் தெரிந்து, நாள் கணக்கில் காத்திருந்து எடுத்தார்கள்.

அந்த வாரம் நம் தெருவில் யார் வீட்டிலும் டிவியை அணைக்கவில்லை. ‘இனி படகுப் பக்கமே போகமாட்டேன்’ என்று உங்களில் இருவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஐந்தாறு வருஷம் போனால் பயம் போய்விடுகிறது. பயம் போகட்டும், ஆனால் அந்தப் படகில் நடந்தது என்ன என்பது போகக்கூடாது.

இதற்கு முன்பும் பின்பும் இப்படித்தான். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் 22 பேர் இறந்துபோனார்கள். குடும்பம் குடும்பமாக வந்தவர்கள், மீன்பிடிப் படகில் ஏறியவர்கள், உடம்பில் லைஃப் ஜாக்கெட் இல்லை. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேர். அதில் பெரும்பாலும் குழந்தைகள். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டி உல்லாசப் படகாக்கி, ஏற்ற வேண்டியதற்கு மேல் ஆளை ஏற்றி, இருட்டுகிற நேரத்தில் எடுத்தார்கள். 2009-இல் தேக்கடியில் 45 பேர். கரையில் காட்டு விலங்குகளைக் கண்டதும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடினார்கள் என்றார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தைப் பிள்ளைகளுக்கு நீங்கள் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். படகு தண்ணீரில் நிற்பது எடை கீழே இருக்கிறவரைக்கும், நடுவில் இருக்கிறவரைக்கும். பத்துப் பேர் எழுந்து நின்றாலே எடை மேலே ஏறிவிடும். அந்தப் பத்துப் பேரும் ‘டால்பின்! டால்பின்!’ என்று ஒரு ஓரத்துக்குப் பாய்ந்தால் அந்த ஓரம் தண்ணீருக்குள் இறங்கும்; உள்ளே வந்த தண்ணீரும் அதே பக்கம் ஓடிச் சேரும்; பிறகு யார் நினைத்தாலும் நிமிர்த்த முடியாது. மாமா எங்களிடம் கோபப்பட்டு நான் பார்த்தது இதற்கு மட்டும்தான். வத்தையில் எழுந்து நின்றால் முதுகில் ஒன்று விழும். பேச்சு வார்த்தையே கிடையாது.

இப்போது நீங்கள் போகப் போகிற கடலைப் பற்றிச் சொல்கிறேன். பாம்பன்காரர்களுக்குக் கடல் ஒன்றல்ல, இரண்டு. பாலத்துக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கம் இருப்பது வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா தென்கடல். பெண் கடல், ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வடகடல் ஆழம் குறைந்தது. அதனால் காற்று ஏறினால் அலை குட்டை குட்டையாக, அடுத்தடுத்து, மூச்சு விட இடம் கொடுக்காமல் அடிக்கும். தென்கடலில் அலை நீளமாக வரும், தூக்கும், இறக்கும். வடகிழக்குப் பருவக்காற்றில், நாங்கள் வாடை என்று சொல்வது, வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் கொஞ்சம் அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்று, அதாவது கச்சான் அடிக்கிற மாதங்களில் இது தலைகீழ். இரண்டுக்கும் நடுவே பாலத்தடியில் ஓடுகிற நீரோட்டமும் பருவத்துக்குப் பருவம் திசை மாற்றிக்கொள்ளும். 1914-இல் திறந்த பழைய பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம், இரண்டையும் கட்டியது அந்த இழுப்பின் மேல்தான்.

பொங்கல் சமயம் வாடைக் காலம் முழுதாகக் கழிந்திருக்காது. உங்கள் ராமேஸ்வரம் முடிவுப் புள்ளி வடகடல் பக்கம் என்றால், கடைசி நாள்தான் மூன்று நாளிலும் மோசமான நாளாக இருக்கும். வேகப்படகு வேறு. குட்டை அலையின் மேல் வேகப்படகு ஓடாது, குதிக்கும். ஒவ்வொரு குதிப்பும் முன்பக்கம் உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பில் இறங்கும். நம்மில் மூன்று பேர் முதுகுவலிக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள். இதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை; வேகப்படகு விபத்துகளில் முதுகெலும்பு நொறுங்குவது உலகம் முழுக்க டாக்டர்கள் பார்க்கிற விஷயம். எஞ்சின் வைத்த நல்ல நாட்டுப்படகு வகைப் படகில், பின்பக்கம் உட்கார்ந்து, மெல்லப் போனால் நம் வயசுக்கு எந்தக் குறையும் வராது.

தீவில் கூடாரம் என்ற பேச்சை அடியோடு விட்டுவிடுங்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே இருக்கிற 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. மண்டபம் பக்கம் ஏழு, கீழக்கரை பக்கம் ஏழு, வேம்பார் பக்கம் மூன்று, தூத்துக்குடி பக்கம் நான்கு. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைப்பதே குற்றம். 21 என்று கணக்குச் சொன்னாலும் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் இப்போது தண்ணீருக்கு மேல் இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வருஷக்கணக்காக வெட்டி வெட்டி எடுத்தார்கள்; அலையைத் தடுத்த சுவர் போனதும் மணல் தீவும் போனது. மிச்சம் இருக்கிற பாறைகளை 1998, 2010, 2016 ஆண்டுகளின் கடல் சூடு வெளுக்க வைத்தது. அந்தப் பாறை மேல் நம் படகு ஒரு நங்கூரத்தை எறிந்தால், பல வருஷ வளர்ச்சி ஒரு இழுப்பில் பெயர்ந்துவிடும்.

ஆவுளியா என்று எங்கள் பக்கம் சொல்வோம், புத்தகத்தில் கடல்பசு. கடற்புல்லை மேய்கிற பிராணி. ஒன்று ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ புல் தின்னும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் தமிழ்நாடு அரசு அதற்கென்றே காப்பகமாக அறிவித்தது, இந்தியாவில் முதலாவது. மன்னார் பக்கமும் அது உண்டு. மேய்வது ஆழம் குறைந்த இடத்தில். மூச்சு விடச் சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். நிதானமாக நீந்துகிற பிராணி அது. வேகமாக வரும் படகுக்கு விலகத் தெரியாது. எஞ்சின் விசிறி பட்டால் முதுகு கிழிந்துவிடும். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேல் வந்து, ‘புஸ்’ என்று ஒரு மூச்சு, பிறகு ஒன்றுமே இல்லாத தண்ணீர். மாமா துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கிற பாக்கியம் நம்மோடு வருகிற அந்த இரண்டு குழந்தைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றால், ஸ்பீக்கர் அல்வாலிலேயே இருக்கட்டும்.

சரி, எப்போது போகலாம், எப்போது கூடாது என்று யாரைக் கேட்பது? இங்கேதான் நம் ஊருக்கு ஒரு பெருமை இருக்கிறது. அது நம்மில் பலருக்குத் தெரியாது. கடலே இல்லாத ஹைதராபாத்தில், பிரகதி நகரில், அல்வாலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில், இந்தியக் கடல் முழுவதையும் ராப்பகலாகக் கவனிக்கிற அலுவலகம் இருக்கிறது. இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ். 1999-இல் தொடங்கியது. 2004 சுனாமிக்குப் பிறகு, 2007-இலிருந்து சுனாமி எச்சரிக்கை மையமும் அங்கேதான். மீன் எங்கே கூடும் என்று பாம்பன் மீனவருக்குப் போகிற செய்தி, அலை எத்தனை அடி உயரும் என்கிற செய்தி, சின்னப் படகுகள் எந்தப் பகுதியில் கவிழ வாய்ப்பு அதிகம் என்று பத்து நாள் முன்னாலேயே சொல்லும் எச்சரிக்கை, எல்லாம் நம் ஊரிலிருந்துதான் கிளம்புகின்றன. என் மாமா மகன் பாம்பனில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டுப் படகை எடுக்கிறான். பக்கத்திலேயே இருக்கிற நாம் பார்க்காமல் போகலாமா?

கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. கேரளக் கரையில் வழங்கும் சொல். இப்போது உலகத்து விஞ்ஞானிகளும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். தெற்கே வெகுதூரத்தில் புயல் அடித்து எழுந்த அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வந்து நம் கரையில் ஏறும். இங்கே காற்று இருக்காது, வானம் தெளிந்திருக்கும், ஒரு அறிகுறியும் தெரியாது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அப்படி வந்த அலைதான் இழுத்துக்கொண்டு போனது. எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. படித்த பிள்ளைகள். கரையில் நின்றவர்கள், படகில்கூட இல்லை.

அதனால் கிளம்புகிற பத்து நாளுக்கு முன்னாலிருந்து இன்காய்ஸ் சொல்வதைத் தினமும் பார்ப்பது என் பொறுப்பு. காலையில் கரைக்குப் போனதும் படகுக்காரரின் வார்த்தை. இந்த இரண்டில் ஒன்று ‘வேண்டாம்’ என்றாலும் அன்று கடல் இல்லை. டிக்கெட் போட்ட காசு, ஓட்டல் அறைக் காசு, பிள்ளைகளின் முகவாட்டம், எதையும் அங்கே கணக்கில் எடுக்கக்கூடாது. தோணி ஓட்டிய காலத்தில் தண்டல், அதாவது தோணியின் தலைவன், சொன்னால் சரக்கின் சொந்தக்காரனும் வாயைத் திறக்கமாட்டான். நாலு காசு கூடக் கொடுத்தால் வருவான் என்று தம்பி சொன்னது உண்மைதான், வருவார். வீட்டில் கஷ்டம் இருக்கிற மனிதர், நாம் நீட்டுகிற காசைப் பார்த்துத் தன் கண்ணுக்குத் தெரிந்ததையும் மறைத்துக்கொண்டு வருவார். அந்த நிலைக்கு ஒரு மனிதரைத் தள்ள நமக்கு உரிமையில்லை. எனக்கே அது நடந்திருக்கிறது. பல வருஷத்துக்கு முன் ஆபீஸ் சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு போய், மாலை நாலு மணிக்கு மேல் வேண்டாம் என்றவரை நாங்கள் கெஞ்சிக் கெஞ்சி எடுக்க வைத்தோம். பாதி வழியில் எஞ்சின் நின்றது. இருட்டி இரண்டு மணி நேரம் நீரோட்டத்தில் மிதந்தோம். வேறொரு மீன்பிடிப் படகு தற்செயலாக அந்தப் பக்கம் வந்து கட்டி இழுத்தது. அந்தப் படகுக்காரர் எங்களிடம் காசு வாங்கவில்லை. எங்கள் படகுக்காரர் கரையில் இறங்கி அழுதார். அவரை அழவைத்தது நான்.

இப்போது நான் சொல்கிற திட்டம். பொங்கலுக்கு வேண்டாம், வாடை அடங்கி, கச்சான் எழாத பிப்ரவரி கடைசி அல்லது மார்ச். ராத்திரித் தங்கல் மூன்றும் கரையில், பாம்பனில் என் மாமா வீட்டுப் பக்கமே இடம் பார்க்கிறேன். ஒரு நாள் குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவு. 1897-இல் விவேகானந்தர் வந்து இறங்கிய அதே குந்துகால்தான். இன்னொரு நாள் தொண்டிப் பக்கம் காரங்காட்டில், ஊர்க்காரர்களே ஓட்டுகிற படகில் அலையாத்திக் காட்டுக்குள். மூன்றாவது நாளுக்கு ஒன்றும் வைக்க வேண்டாம். காற்று சரியில்லாமல் தள்ளிப்போகிற பயணத்துக்கு அந்த நாள்.

மீன்பிடிப் படகில் ஏறவே கூடாது. சுற்றுலாவுக்கு அனுமதி வாங்கிய படகு மட்டும். ஏறுமுன் லைஃப் ஜாக்கெட்டைத் தலைக்கு ஒன்று எண்ணிப் பார்ப்போம். குழந்தைகளுக்குக் குழந்தைகள் அளவில் இருக்கிறதா என்று தனியாகப் பார்ப்போம். ஒன்று குறைந்தாலும் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். போட்டோ எடுக்கும்போது கழற்றுகிற பழக்கம் வேண்டாம், வியர்க்கும், வியர்க்கட்டும். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் வைக்க. சூரியன் இறங்குவதற்கு முன் கால் மணலில் இருக்க வேண்டும். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸின் 1093, இந்த இரண்டு எண்களையும் இப்போதே போனில் போட்டு வையுங்கள்.

அண்ணே, தம்பிகளே, அக்கா, உங்களுக்கு இது உப்புச்சப்பில்லாத பயணமாகத் தோன்றலாம். வந்து பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுத் தென்கடலில் பத்து நிமிஷம் சும்மா மிதந்தால் தண்ணீருக்கடியில் புல் ஆடுவது தெரியும். வேகப்படகில் போகிறவர்கள் அதைப் பார்த்ததே இல்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை நடைக்கு வருகிறபோது எனக்கு இரண்டு விவரம் வேண்டும்: பன்னிரண்டு பேரில் யார் யாருக்கு நீச்சல் தெரியாது, இரண்டு குழந்தைகளின் எடை எவ்வளவு. லைஃப் ஜாக்கெட் அளவு கேட்டு அன்றைக்கே பாம்பனுக்குப் போன் போட வேண்டும்.

அன்புடன்,
உங்களோடு நடக்கிற பாம்பன்காரன்
அல்வால்